அக்கா வீட்டு அடியில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் துறையின் ஆண்டு மலருக்கு ஓர் அனுபவக் கட்டுரை வேண்டுமாம். சைத்ரா மேடம் போன வாரம் போனில் கேட்டார். "ரெண்டு பக்கம் போதும் தாஸ் சார். கொஞ்சம் பாசிட்டிவ்வா எழுதுங்க" என்றார். என்னோடு வேலை பார்த்த அதிகாரி. வயதில் என் மகளைவிடச் சின்னவர், பதவியில் எனக்கு மூன்று படி மேலே. இனிமேல் புவியீர்ப்பு அளவை எல்லாம் விமானத்தில் பறந்தபடியே எடுக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். நல்ல ஏற்பாடு. விமானத்துக்கு யாரும் டீ கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

பாசிட்டிவ்வாக எழுதுவதில் எனக்கு ஒரு சிரமம் உண்டு. எங்கள் தொழிலில் மைனஸ்தான் நல்ல செய்தி. வெந்நீர் ஊற்று உள்ள இடங்களில் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டாமலே சொல்வது எங்கள் வேலை. கனமான பாறைக்கு மேலே நின்றால் பூமி கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். வெடித்துப் பிளந்து வெந்நீர் ஊறிய பாறைக்கு மேலே நின்றால் கொஞ்சம் குறைவாக இழுக்கும். அந்தக் குறைவைத் தேடித்தான் காடு மேடெல்லாம் அலைந்தோம். எங்கே இழுப்பு திடீரென்று படி இறங்குவதுபோல் குறைகிறதோ அங்கே பாறை பிளந்து ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிளவின் வழியாக வெந்நீர் மேலே வரும். மேப்பில் அதைச் சிவப்புக் கோடாகப் போடுவோம். கோடு போட்ட இடத்தில் பெரியவர்கள் வந்து தேங்காய் உடைத்து, துளை போடுவார்கள்.

கருவி ஒரு சின்னப் பெட்டி. உள்ளே ஒரு ஸ்பிரிங். ஒரு ஆள் மாடிப்படியில் ஒரு படி ஏறினால் அவன் எடையில் குறைவதைக்கூட அது சொல்லிவிடும். விலை அதிகம் என்பதால் மரியாதையும் அதிகம். ஜீப்பில் முன்சீட்டு அதற்கு, மெத்தையோடு. நாங்கள் பின்னால், முக்காலியோடு. வெயிலில் அதற்குக் குடை பிடிக்க ஒருவர் உண்டு. நான் முப்பத்தைந்து வருடம் அதன் பக்கத்தில் வெயிலில் குந்தியிருந்தேன். எனக்குக் குடை பிடிக்க எந்த உத்தரவிலும் இடமில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆறு மாதம் கருவியைத் தொடவிடவில்லை, ஏழாவது மாதம் தனியாகக் கொடுத்து மலைக்கு அனுப்பினார்கள். ஆனால் முறை இன்னும் விரல்களில் இருக்கிறது. முக்காலித் தட்டை மண்ணில் அழுத்தி வைக்க வேண்டும். பெட்டியை அதன்மேல் வைத்து, இரண்டு குமிழிகளும் நடுவே வரும்வரை திருகுகளைத் திருப்ப வேண்டும். கிளாம்ப்பை, அதாவது உள்ளே ஆடும் தண்டைப் பிடித்திருக்கும் பூட்டை, திறக்க வேண்டும். மூச்சை அடக்கி, கண்ணாடியில் தெரியும் கோடு சரியான இடத்துக்கு வரும்வரை டயலைச் சுற்ற வேண்டும். மூன்று முறை படித்து, மூன்றும் ஒத்துப்போனால் நோட்டில் எழுத வேண்டும். எழுதியதும் முதல் வேலை கிளாம்ப்பைப் போடுவது. பூட்டாத கருவியை வைத்துக்கொண்டு தும்மக்கூடாது என்பார் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

அதோடு முடியாது. காலையில் கிளம்பும்போது இருக்கும் சுறுசுறுப்பு மதியம் ஸ்பிரிங்குக்கும் இருக்காது. அதனால் 'பேஸ்' என்று ஓர் உறுதியான இடத்தை வைத்துக்கொண்டு அங்கே அளந்துவிட்டுக் கிளம்பி, ஒரு சுற்று போய், மறுபடி அங்கேயே வந்து அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்பிரிங்கின் சோர்வு. அதை இடையில் அளந்த எல்லா இடங்களுக்கும் நேரக் கணக்கில் பங்கு போட்டுக் கழித்துவிடுவோம். வித்தியாசம் ஓர் அளவுக்கு மேல் போனால் பங்கு போடக்கூடாது, சுற்று முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும். இது விதி. அச்சடித்த விதி.

நோட்டின் கடைசியில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலானவர்கள் அதில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார்கள். நான் எழுதுவேன். 'பத்து நாற்பத்திரண்டு, எருமை, இருபது அடி தூரம்.' 'மூன்று பத்து, லாரி.' 'நாலு மணி, கல்யாண ஊர்வலம், பேண்டு வாத்தியம்.' வடக்கே ஒரு வெந்நீர்ப் பள்ளத்தாக்கில் தரை லேசாக ஆடியபோது மற்றவர்கள் கூடாரத்தை விட்டு ஓடினார்கள். நான் மணி பார்த்து எழுதிவிட்டு, அந்தச் சுற்றையே மறுபடி எடுத்தேன். அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். அங்கே வேலை பார்த்த பலருக்கு இன்னும் ஓய்வூதியம் வருகிறது. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் 'தாஸ் நோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று காட்டும் அளவுக்கு என் எருமைகள் புகழ் பெற்றன.

பிறந்த ஊர் பக்கம் ஒரு மாறுதல் கொடுங்கள் என்று வருடா வருடம் விண்ணப்பித்தேன். இமயமலை கொடுத்தார்கள், கடற்கரை கொடுத்தார்கள். ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும்போது கோலார் தங்கவயலைக் கொடுத்தார்கள். அரசாங்கம் எதையும் மறப்பதில்லை, கொஞ்சம் தாமதமாக நினைத்துக்கொள்ளும்.

எங்கள் ஊரின் அடியில் சூடு இருக்கிறதா என்று பார்க்கும் திட்டம் அது. சூட்டில் மின்சாரம் எடுக்கலாமாம். என் அப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி, ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது வியர்வை உப்பாகப் பூத்துச் சட்டை விறைத்து நிற்கும். கீழே சூடு இருக்கிறது என்பதை அந்தச் சட்டையைத் துவைத்த என் அம்மாவே சொல்லியிருப்பார். ஆனால் அவருடைய பெயர் நிபுணர் குழுவில் இல்லை. நிபுணர் குழுவுக்குத் தலைவராக வந்தவர் டாக்டர் செல்வகணபதி, சென்னைக்காரர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என் சர்வீஸில் திட்டுகிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், பைலைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் பாராட்டுவார். எதைச் சொன்னாலும் "அழகு" என்பார். அதற்கு நேர் எதிரானதைச் செய்வார். ஜீப்பை விட்டுத் தரையில் கால் வைத்ததை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கெஸ்ட் ஹவுஸ் மேஜையில் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சு இருக்கும். ஒரு சுளையை எடுத்து, அதன்மேல் உள்ள வெள்ளை நாரை ஒவ்வொன்றாக உரித்து, அது பளிங்கு மாதிரி ஆன பிறகுதான் வாயில் போடுவார். அதுவரை எதிரில் நிற்பவர் பேசிக்கொண்டே இருக்கலாம். அவருக்கு எண்களில் ஆர்வமில்லை, மேப்பில்தான். அதுவும் கலரில், பெரிய தாளில், பிரின்ட் எடுத்து.

"சார், இந்த ஊர் அடியில நூறு வருஷத்துக்கு மேல தோண்டியிருக்காங்க. எங்க பாத்தாலும் பொந்து. பொந்தும் குறைவாத்தான் காட்டும்" என்று முதல் நாளே சொன்னேன்.

"அழகா சொன்னீங்க தாஸ். கழிச்சுடலாம்" என்றார்.

மூடிக் கிடக்கும், கேஜை ஏற்றி இறக்கிய பழைய வைண்டிங் இன்ஜின் அறையின் கருங்கல் படியைப் பேஸாக வைத்துக்கொண்டோம். சைத்ரா மேடம் தினமும் பங்காருபேட்டையிலிருந்து காலை ரயிலில் வந்துவிடுவார். கணக்கும் மென்பொருளும் அவர் பொறுப்பு, கருவி என் பொறுப்பு. இருபது மீட்டருக்கு ஓர் இடமாக அளந்துகொண்டே போனதில் ஒரு சனிக்கிழமை எங்கள் சுற்று சாம்பியன் ரீப்ஸில் என் அக்கா பிலோமினா குடியிருக்கும் லைனுக்குள் நுழைந்தது. லைன் என்றால் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். இது பன்னிரண்டு வீடு. நான் பிறந்ததும் அதில்தான். கம்பெனி போய்விட்டது, வீட்டுக்காரர்கள் போகவில்லை. நான்கு தலைமுறையாக இருக்கிறார்கள். பட்டா என்ற ஒன்றை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஒன்பதாவது இடம் சரியாக அக்கா வீட்டு வாசலில் வந்தது. அளந்தேன். மூன்று முறை படித்தேன், மூன்றும் ஒத்துப்போயின, எழுதினேன். கிளாம்ப்பைப் போடக் கையை நீட்டும்போது, அந்தக் கையில் அக்கா டீ டம்ளரைத் திணித்தாள்.

"பொட்டிய அப்பால பூட்டிக்கலாம், மொதல்ல குடி. ஆறிடப் போவுது. பிலிப் வூட்டு ஞானஸ்நானத்துக்கு ஏண்டா வரல?"

பிலிப் வீட்டு ஞானஸ்நானத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே டீயைக் குடித்தேன். குடித்து முடித்து, கிளாம்ப்பைப் போட்டு, பத்தாவது இடத்துக்குப் போனேன். ரிமார்க்ஸ் கட்டத்தில் கோடு கிழித்தேன்.

மதியம் பேஸுக்குத் திரும்பி அளந்தபோது வித்தியாசம் விதித்த அளவைத் தாண்டியிருந்தது. சுற்று முழுவதையும் திரும்ப எடுத்திருக்க வேண்டும். டாக்டருக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை வீடியோ கூட்டத்துக்கு மேப் வேண்டும் என்றார். "சாப்ட்வேர்ல பங்கு போட்டுடுங்க தாஸ். அழகா சரியாயிடும்" என்றார். இங்கே அவர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் அக்கா மாட்டுக்கறி பிரியாணி செய்து வைத்திருந்தாள், எனக்குப் பசி. மேலதிகாரியின் உத்தரவு அவ்வளவு ருசியாக அதற்கு முன் எனக்குப் பட்டதில்லை. மறு பேச்சு பேசாமல் கீழ்ப்படிந்தேன்.

திங்கட்கிழமை மேப் வந்தது. நீலமும் பச்சையுமாக ஒரு மேஜை அகலத்துக்கு. அதன் நடுவே ஒன்பதாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் இடையில் கத்தியால் வெட்டியது மாதிரி ஒரு படி. டாக்டர் தன் கையாலேயே அதன்மேல் சிவப்புக் கோடு போட்டார். பன்னிரண்டு வீட்டு அடியிலும் ஓடியது அது. ஆரஞ்சுச் சுளையைக்கூட நார் உரிக்காமல் வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் எங்கள் ஆபீஸிலிருந்து நில அளவைக்காரர்கள் லைனுக்கு வந்து ஒவ்வொரு கதவிலும் சிவப்பு பெயிண்டில் எண் எழுதினார்கள். பெயிண்ட் டப்பாவைப் பார்த்ததும், வெள்ளையடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு நாற்காலி எடுத்துப் போட்டவர்களும் உண்டு. துளை போடும் இயந்திரம் நிற்க இடம் வேண்டும், பன்னிரண்டு வீடும் காலி செய்ய வேண்டும் என்று பிறகுதான் சொன்னார்கள். வேறு இடம் பேத்தமங்களா பக்கம் எங்கேயோ 'பரிசீலனையில்' இருந்தது. அக்கா கதவில் நான்கு. மண்ணெண்ணெய் தொட்டு அழித்தாள். மறுநாள் வந்து முன்னைவிடப் பெரிதாக எழுதினார்கள்.

"நீ அளந்ததுல தான் வந்துச்சாமே?" என்று அக்கா என்னைக் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"நான் அளந்தேன்கா. கோடு அவர் போட்டது."

"சரி. பொட்டி பொய் சொல்லாதுன்னு நீதானே சொல்லுவே."

பெட்டி பொய் சொல்லாது என்று முப்பத்தைந்து வருடம் ஊர் ஊராகச் சொன்னவன் நான். அந்த ஊர்களில் எல்லாம் யாருடைய வயலிலோ கோடு விழுந்தது, நான் பயணப்படி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனேன். கோடு விழுகிற இடத்தில் சமையல் ஆகிக்கொண்டிருக்கும் என்பது என் புத்திக்கு எட்ட என் அக்கா வீடு வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து சைத்ரா மேடம் என் நோட்டோடு வந்து நின்றார்.

"தாஸ் சார், உங்க நோட்டுல எருமை இருக்கு, ஆட்டோ இருக்கு, தண்ணி டேங்கர் இருக்கு. இந்தப் படி விழுற எடத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல. கோடு கிழிச்சிருக்கீங்க. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல இருபது நிமிஷம். ஏன்?"

"டீ குடிச்சேன் மேடம்."

"இருபது நிமிஷமா?"

"எங்க அக்காவ உங்களுக்குத் தெரியாது."

தெரிந்துகொள்ளலாம் என்று அழைத்துப் போனேன். அக்கா அவரையும் உட்காரவைத்து டீ கொடுத்தாள். கதவில் சிவப்பு எண் எழுதியவர்களின் ஆபீஸிலிருந்து வந்திருக்கும் பெண்ணுக்கு டீயோடு பிஸ்கட்டும் வைத்தாள். மேடம் சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்த்து, "ஆன்ட்டி, படத்துக்குப் புது ஆணியா? பக்கத்துல பழைய ஓட்டை இருக்கே" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"அத்த ஏம்மா கேக்கறே. அன்னிக்கி இவன் வாசல்ல குந்திகினு டீ குடிக்கசொல்ல ஆடுச்சில்ல, அப்ப ஆணி புடுங்கிகினு படம் சாஞ்சி போச்சி."

"என்ன ஆடுச்சு?"

"தரைதான். ஏர் பிளாஸ்ட். நல்லாவே ஆடுச்சி. நான் பால் சட்டிய புடிச்சிகினேன், இவன் டம்ளர புடிச்சிகினான்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆழத்தில் பாறை நெரிந்து வெடிப்பதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே தரை ஆடும், பாத்திரம் கிலுகிலுக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுரங்கம் ஓடியது, அடிக்கடி ஆடும். சுரங்கத்தை மூடி, தண்ணீர் நிரம்பிய பிறகும் எப்போதாவது ஆடுகிறது. எந்தப் பாத்திரத்தைப் பிடிக்க வேண்டுமோ அதைக் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். பேச்சு நிற்காது. ஆடியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த ஊரில் வேறு எதையும் பேச முடியாது.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். "ஹௌதா? நிஜமாவா? சார், ஆடுச்சா? நீங்க எழுதலையே!"

"ஆடறத எவம்மா எழுதுவான்?" என்றாள் அக்கா.

நினைத்துப் பார்த்தேன். ஆம், ஆடியது. டம்ளரை விளிம்பில் பிடித்து, டீ சிந்தாமல் நிமிர்த்தியது என் கைக்கு ஞாபகம் இருந்தது. என் தலைக்கு ஞாபகம் இல்லை. பள்ளத்தாக்கில் ஆடினால் மணி பார்த்தவன், எருமை நடந்தால் எழுதியவன், பிறந்த வீட்டு வாசலில் தரை ஆடியபோது பிலிப் வீட்டு ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கிளாம்ப் போடாத பெட்டி. ஸ்பிரிங் ஒரே குதியாகக் குதித்திருக்கிறது. அந்தக் குதியைச் சோர்வு என்று நம்பி மென்பொருள் எல்லா இடத்துக்கும் பங்கு போட்டிருக்கிறது. குதித்த இடத்தில் மட்டும் ஒரு படி மிஞ்சி நின்றிருக்கிறது. அந்தப் படியின் மேல்தான் சிவப்புக் கோடு. பன்னிரண்டு குடும்பத்தைக் கிளப்பப் போவது பூமியின் பிளவு இல்லை, என் டீ.

அன்று மாலையே சைத்ரா மேடத்தோடு டாக்டர் முன்னால் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு சுளையை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார்.

"ஆடுச்சுன்னு ஆதாரம்?"

"அக்கா வீட்டுப் படம் சாஞ்சிருக்கு சார்."

"அழகு. படத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுவோமா?" உரித்துக்கொண்டே இருந்தார். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். இன்னும் ரெண்டு மாசம். உங்க பென்ஷன் பேப்பர் என் மேஜையிலதான் இருக்கு. இந்த நேரத்துல போய், நான் கவனிக்கல, கருவியைப் பூட்டலன்னு உங்க கையாலயே எழுதிக் குடுப்பீங்களா தாஸ்? உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

பயந்தேன். பயப்படவில்லை என்று எழுதினால் ஆண்டு மலருக்குப் பொருத்தமாக இருக்கும், ஆனால் பயந்தேன். விசாரணை என்று ஒன்று வந்தால் ஓய்வூதியம் எந்த வருடம் வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் மனைவியின் மருந்துச் சீட்டு காத்திருந்தது. நோட்டை அவர் மேஜையிலேயே விரித்தேன், அவர் பேனாவையே கேட்டு வாங்கினேன். ஒன்பதாவது வரிசையில் நான் கிழித்த கோட்டுக்கு மேலே எழுதினேன்: 'தரை ஆடியது. கிளாம்ப் போடவில்லை. அப்போது எழுதத் தவறியதை இப்போது எழுதுகிறேன்.' தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

சுளை பளிங்காகிவிட்டது. அவர் அதை வாயில் போடவில்லை. "மேப் மேல போயாச்சு தாஸ். ஒரு நோட்டுக்காக மேப் கீழே வராது" என்றார்.

அப்போதுதான் சைத்ரா மேடம் வாயைத் திறந்தார். "சார், மேப்பை மாத்த வேணாம். அந்தக் கோட்டை மட்டும் அஞ்சு மீட்டருக்கு ஒரு எடமா நெருக்கி அளந்தா இன்னும் ஷார்ப்பா வரும். பெரிய பிரின்ட் போடலாம்."

"எவ்வளவு பெருசு?"

"சுவர் அளவு, சார்."

"அழகு. எடுங்க" என்றார் டாக்டர். உண்மையைச் சொல்லி அரை மணி நேரத்தில் முடியாதது, பிரின்ட் என்று சொல்லி அரை நிமிடத்தில் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எடுப்பதாக முடிவானது. லைன்காரர்களிடம் மூன்று மணி நேரம் துணி துவைக்காமல், மிளகாய் இடிக்காமல், பைக் ஓட்டாமல் இருக்கச் சொன்னேன். தரை ஆடினால் உடனே கத்துங்கள் என்றும் சொன்னேன். அது நடக்காத காரியம் என்று எனக்கே தெரிந்திருந்ததால், வீட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வாசலில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். கம்பெனி காலத்து வேலை நிறுத்தத்தில்கூட அந்த லைன் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை என்றாள் அக்கா.

நான் பெட்டியைத் தூக்கும்போது அவள் பக்கத்தில் வந்தாள்.

"தம்பி, இப்பவும் கோடு வந்துச்சின்னா இன்னா பண்ணுவே?"

அதைத்தான் நானும் முந்தின நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தவறு நிஜம் என்பதால் பிளவு பொய் என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கலாம்.

"எழுதுவேன்கா."

கதவில் இருந்த நான்கைப் பார்த்தாள். "எழுது. பொய்க் கோட்டுக்கு வூட்ட குடுக்க மாட்டேன். நெசக் கோடுன்னா அப்பால பாத்துக்கலாம். டீ கெடையாது இன்னிக்கி, போ."

பேஸில் ஆரம்பித்தேன். தட்டு, குமிழி, கிளாம்ப் திறப்பு, மூன்று படிப்பு, எழுத்து, கிளாம்ப். ஒவ்வொரு இடத்திலும் கிளாம்ப்பைப் போட்டதும் மேடம் வாய்விட்டு "போட்டாச்சு" என்பார். மணிக்கு ஒரு முறை பேஸுக்குத் திரும்பினோம். அக்கா வாசலில் கண்ணாடிக்குள் பார்க்கும்போது என் கண் கலங்கி இரண்டு முறை கோடு தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அடுத்த இடம், அதற்கடுத்தது. எண்கள் கொஞ்சம்கொஞ்சமாக, ஒரே சீராக, ஒரு குலுக்கலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. பன்னிரண்டாம் வீடு வரை படி இல்லை. கடைசியாகப் பேஸில் அளந்தபோது வித்தியாசம் ஒரு மயிரிழை. மேடம் கணக்கைப் போட்டுப் பார்த்து மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். சுவர் அளவு பிரின்ட்டில் போட ஒன்றுமே இல்லை.

டாக்டர் செல்வகணபதி அதை ரொம்ப நேரம் பார்த்தார். சுளை பளிங்காகி, வாயில் போய், அடுத்த சுளையும் முடிந்தது. "அழகு. பிளவு இல்லன்னுதான் எனக்கு ஆரம்பத்துலேர்ந்து ஒரு சந்தேகம்" என்றார். அந்தச் சந்தேகத்துக்காகவும், குடியிருப்புப் பகுதியில் வீண் செலவைத் தடுத்த அறிவியல் நேர்மைக்காகவும் அவருக்கு அந்த வருடம் பாராட்டுப் பத்திரம் வந்தது. எனக்கும் ஒரு தாள் வந்தது, மெமோ. ஒன்று, கருவியைப் பூட்டத் தவறியது. இரண்டு, ரிமார்க்ஸ் எழுதத் தவறியது. மூன்று, பணி நேரத்தில் தேநீர். மூன்றும் உண்மை என்பதால் பதில் எழுதுவது சுலபமாக இருந்தது. அந்தப் பதிலை அவர்கள் படித்து முடிக்கும்வரை ஓய்வூதியம் காத்திருந்தது. கடையில் மருந்தைப் பாதிப் பாதியாக வாங்கினோம்.

லைனைக் காலி செய்ய வேண்டியதில்லை என்ற கடிதம் ஒரு காலை நேரத்தில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அக்கா என்னைக் கூப்பிட்டாள். கதவில் நான்கு அப்படியே இருந்தது. அழிக்க வேண்டாம் என்றாள். நான்கு தலைமுறையாக அந்த லைனுக்குக் கதவு எண் கிடையாது, இப்போது பார்சல்காரன் நேராக வருகிறானாம். உள்ளே பால் அடுப்பில் இருந்தது. எனக்கு டீ கொடுத்தாள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன்: "மேற்படி குடியிருப்பின் அடியில் குறிப்பிடும்படியாக ஒன்றும் இல்லை."

"இன்னொரு வாட்டி சொல்லு."

"கீழ ஒண்ணும் இல்லியாம்கா."

அக்கா சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கீழ எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லித்தாண்டா அன்னிக்கி கம்பெனிய இஸ்து மூடினாங்க. எங்க வூட்டுக்காரரு அன்னிக்கி குந்தினவரு, சாவற வரிக்கும் எழுந்துக்கல. இன்னிக்கி கீழ ஒண்ணும் இல்லன்னு எழுதி குடுத்து வூட்ட வுட்டுட்டாங்க. அதே வார்த்த."

அப்போது தரை ஆடியது. சுவரில் படம் தட்டியது, பாத்திரங்கள் கிலுகிலுத்தன. அக்கா பால் சட்டியைப் பிடித்துக்கொண்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மணி பார்த்தேன். எழுத நோட்டு இல்லை. சட்டைப்பையில் மெமோ இருந்தது. அதைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன்: பதினொன்று ஐந்து, தரை ஆடியது.